ஸ்கேனர் அட்டை மாட்டும் முன் தண்டலைக் கேளுங்கள்

உங்கள் தெருவில் காய் விற்கிறவருக்கோ மீன் விற்கிறவருக்கோ ஜிபே போட்டுக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் போனைத் தொடாதீர்கள். கையில் வரும் காசு சாயங்காலத்துக்குள் எங்கே போகிறது, தண்டலுக்கு (தினமும் ஆள் வந்து வாங்கிப்போகும் கடன் தவணை) எவ்வளவு போகிறது என்று கேளுங்கள்.

கேட்காமல் போய் நான் அசடு வழிந்தேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை மீன்காரக்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப் போட்டு, அட்டையைத் தராசுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் பெருமையாக வந்தேன். செவ்வாய்க்கிழமை போனால் அட்டை கவிழ்ந்து கிடக்கிறது, அதன்மேல் நாலு சங்கரா மீன். "இன்னா தம்பி, காசிமேட்டு ஏலத்துல கையில துட்டு வைன்றான், ஐஸுக்குத் துட்டு, சாயங்காலமானா தண்டல்காரன் வந்து நிப்பான், அவனுக்குப் போனைக் காட்டவா?"

நியாயம்தானே. வரும் காசு போனில், போகும் காசு ரொக்கத்தில் என்றால் நடுவில் ஏடிஎம் வரிசையில் நிற்பது அவர்தான். கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா என்ற போன் பணச் சேவை ஜனத்துக்குப் பிடித்துப்போனதற்குப் பெரிய காரணமே, பணத்தைப் போடவும் ரொக்கமாக எடுக்கவும் தெருவிலேயே ஏஜென்ட் கடை இருந்ததுதான். இங்கே யுபிஐ 2016 ஏப்ரலில் வந்தது, நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனதும் ஜனம் போன் பக்கம் ஓடியது, புது நோட்டு கைக்கு வந்ததும் நிறையப் பேர் பழையபடி ரொக்கத்துக்கே திரும்பினார்கள். கட்டாயத்தில் வந்தவர்கள் நிற்பதில்லை. சில்லறை இல்லாமல் வியாபாரம் கை நழுவிப் போனவர்கள்தான் நிற்கிறார்கள்.

அதனால் முழுசாக மாற்றப் பார்க்காதீர்கள். ரீசார்ஜ், கரண்ட் பில், சிலிண்டர், மளிகைக் கடை என்று போனிலேயே கட்டக்கூடிய செலவு எவ்வளவு என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அந்த அளவுக்கு ஸ்கேனரில் வந்தால் போதும்.

அப்புறம் எந்தக் கணக்கு என்பது. மகன் போனில், மகன் கணக்கில் மாட்டாதீர்கள், காசு வந்ததா என்று அம்மா மகனைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் (பல வீடுகளில் சண்டையே இதில்தான்). கடன் தவணை பிடிக்கிற கணக்கும் வேண்டாம். மினிமம் பேலன்ஸ் கேட்காத கணக்கு ஒன்று அவர் பெயரில், அவர் நம்பரில் இருக்கட்டும். கமிஷன் பிடிப்பார்களோ என்று கண்டிப்பாகக் கேட்பார். வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கட்டணம் கிடையாது, ஆனால் பேசுகிற ஸ்பீக்கருக்கு மாத வாடகை பிடிக்கலாம், அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வாடகை போனாலும் ஸ்பீக்கர் வாங்குங்கள். கை முழுக்கச் செதில், மெசேஜ் வேறு இங்கிலீஷில், அவர் எப்படிப் போனை எடுத்துப் பார்ப்பார்? தமிழில் தொகையைச் சொல்லும்படி வைத்துக் கொடுங்கள்.

இனிப் பயம். பத்து ரூபாய் அவருக்கு அனுப்பி, அதே பத்து ரூபாயை அவர் கையாலேயே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பின் நம்பர் காசு போவதற்குத்தான், வருவதற்கு யாரும் கேட்கக் கூடாது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறும். ஸ்பீக்கர் பேசாமல் மீன் பையைக் கொடுக்க வேண்டாம். "என் கணக்குல போயிடுச்சுக்கா" என்று வாடிக்கையாளர் நின்றால், கடைக்குச் சேராத பணம் 5 நாளுக்குள் அவர் கணக்குக்கே திரும்பியாக வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்பது 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி என்று சொல்லச் சொல்லுங்கள். அட்டைமேல் யாரும் வேறு ஸ்டிக்கர் ஒட்டவில்லையா என்று தினமும் காலையில் ஒரு பார்வை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன்.

எங்கள் அக்கா இப்போது 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறவரிடம் மட்டும் அட்டையைக் காட்டுகிறார். என்னிடம் ரொக்கம்தான் வாங்குகிறார், தண்டலுக்கு வேண்டுமாம்.