கை கிறுக்கட்டும், காது கேட்கட்டும்

தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கிடக்கும் ரசீதின் பின்புறத்தில் சுழியும் கட்டமுமாக எதையாவது போட்டுக்கொண்டே போகும் பழக்கம் பலருக்கு உண்டு. அதைக் கவனக்குறைவின் அடையாளம் என்றும் வீண்வேலை என்றும் கண்டிக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்தக் கண்டிப்பு தேவையற்றது என்பது என் உறுதியான எண்ணம். மனம் விழிப்போடு இருப்பதற்கும் இறுக்கம் தளர்வதற்கும் கை செய்யும் உதவிதான் கிறுக்கல். அதைப் பழகிக்கொண்டு, இடமறிந்து பயன்படுத்தும் வழிகளை இங்கே எழுதுகிறேன்.

ஓவியம் வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் இது கைவரும் என்று நினைக்கவேண்டாம். எழுதத் தெரிந்த கைக்குக் கிறுக்கவும் தெரியும். அதிலும் பர்மாவில் வளர்ந்த தமிழரின் கை இருவகை எழுத்துகளில் பழகிய கை. பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் வட்டம் போட்டுப் பழகித்தான் பர்மிய எழுத்துக்குள் நுழைகிறார்கள்; கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்புக்கு வந்ததும் இகரத்தின் சுழியும், ஞகரத்தின் வளைவும், ணகரத்தின் அடுக்குச் சுழிகளும் அதே விரல்களில் ஏறுகின்றன. பொங்கலுக்கு வாசலில் போடும் கோலமும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது. வட்டம், சுழி, புள்ளி, நெளிகோடு ஆகிய நான்கும் கையில் இருந்தால் கிறுக்கலுக்கு வேறு முதல் தேவையில்லை.

எப்போது கிறுக்கலாம், எப்போது கூடாது

கிறுக்கினால் கவனம் குலையுமா, கூடுமா என்பதை இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் ஓர் எளிய சோதனையால் ஆராய்ந்தார். வேறொரு சோதனையை முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் நிலையில் இருந்த 40 பேரை இருக்கச் சொல்லி, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் பதிவான இரண்டரை நிமிடத் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்கவைத்தார். பிறந்தநாள் விருந்துக்கு யார் யார் வருகிறார்கள் என்பதே அதன் சாரம். நடுநடுவே அதற்குச் சம்பந்தமில்லாத பேச்சும் உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் சிறு வடிவங்கள் அச்சிட்ட தாளையும் பென்சிலையும் கொடுத்து, கேட்டுக்கொண்டே அவ்வடிவங்களை நிரப்பச் சொன்னார். நேர்த்தியாகவோ விரைவாகவோ செய்யவேண்டியதில்லை என்றும் சொல்லிவைத்தார். பிறகு முன்னறிவிப்பின்றி நினைவுச் சோதனை வைத்தபோது, நிரப்பியவர்கள் பெயர்களும் இடங்களுமாகச் சராசரியாக 7.5 விவரங்களைச் சொன்னார்கள். வெறுமனே கேட்டவர்களுக்கு 5.8 விவரங்கள்தாம் நினைவில் நின்றன. அதாவது, 29 சதவீதம் கூடுதல். சலிப்பூட்டும் பேச்சைக் கேட்கும்போது மனம் பகற்கனவில் இறங்கிவிடுகிறது, பகற்கனவு சிந்தனை ஆற்றலில் பெரும்பங்கைப் பறித்துக்கொள்கிறது, கைக்குச் சிறு வேலை இருந்தால் மனம் அவ்வளவு தொலைவு போவதில்லை என்பது 2009-இல் வெளியான அந்த ஆய்வுக்கு அவர் தந்த விளக்கம்.

ஆகவே, காதுக்கு வேலை இருந்து கண் ஓய்வாக இருக்கும் நேரமே கிறுக்கலுக்கு ஏற்ற நேரம். தமிழ்நாட்டிலிருந்து அத்தை அழைத்து உறவுக்காரர்களின் கல்யாணச் செய்திகளை ஒன்றுவிடாமல் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை மாலையும், கோயில் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும் நேரமும் அப்படிப்பட்டவை. இந்த நேரங்களில் பேனாவுக்குப் பதில் கைபேசித் திரையை எடுத்தால் பயன் தலைகீழாகிவிடும். திரையில் வருபவை சொற்களும் படங்களும் ஆதலால், கேட்கவேண்டிய சொற்களோடு அவை போட்டிக்கு நிற்கும். சுழிக்கும் கட்டத்துக்கும் பொருள் கிடையாது. பொருளற்றதாக இருப்பதே அவற்றின் பலம்.

கண்ணால் பார்த்தே ஆகவேண்டிய இடத்தில் கிறுக்கக்கூடாது. கரும்பலகையில் கணக்குப் படிப்படியாக நடக்கும்போதும், ஒருவர் எதிரே உட்கார்ந்து தம் துயரத்தைச் சொல்லும்போதும் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். மனப்பாடம் செய்வதற்கும் வெறும் கிறுக்கல் உதவாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்ட சொல்லுக்குரிய பொருளையே படமாக வரைந்தவர்களுக்கு நினைவு நன்றாக நின்றது. தொடர்பில்லாமல் கிறுக்கியவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. தேர்வுக்குப் படிப்பவர் இலையின் பாகங்களை நினைவில் வைக்கவேண்டுமானால் இலையைத்தான் வரையவேண்டும்.

தேவையானவை

சாதாரண பால்பாயிண்ட் பேனாவும், பழைய நாள்காட்டித் தாளின் பின்புறமும் போதும். விலையுயர்ந்த பேனாவும் தடித்த அட்டைபோட்ட நோட்டும் வாங்கினால், அதில் அசிங்கமாக ஏதும் போட்டுவிடக்கூடாதே என்ற பயம் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். அழிப்பான் மட்டும் அருகில் இருக்கவேண்டாம்.

முதல் பயிற்சி: ஒரு வட்டம், மூன்று நிமிடம்

டீக்கடை மேசையில் வெறுந்தேநீர்க் குடுவையோடு வைத்திருக்கும் சின்னக் கிண்ணத்தைத் தாளில் கவிழ்த்து, அதன் விளிம்பை ஒட்டி ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு உள்ளேயோ வெளியேயோ கை போன போக்கில் நிரப்புங்கள்: அடுக்கடுக்கான வளைவுகள், மீன் செதில், நெருக்கமான புள்ளிகள், சிறு சுழிகள், எதுவானாலும் சரி. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது தொடக்கத்தில் நல்லது, ஏனெனில் அடுத்து என்ன போடுவது என்று முடிவெடுக்கவேண்டிய சுமை அதனால் குறைகிறது. மூன்று நிமிடம் ஆனதும் நிறுத்திவிடலாம்.

வட்டமும் மூன்று நிமிடமும் நானாக வகுத்தவை அல்ல. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் அவருடைய குழுவினரும் 26 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணம் தீட்டுதல், வட்டத்தை ஒட்டிக் கிறுக்குதல், விருப்பம்போல் வரைதல் ஆகிய மூன்றையும் மும்மூன்று நிமிடம் செய்யவைத்து, அப்போது மூளையின் முன்பகுதியில் இரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று கருவிகொண்டு அளந்தார்கள். இன்பமும் நிறைவும் கிடைக்கும்போது தூண்டப்படும் பகுதி அது. மூன்று வேலைகளின்போதும் அங்கே இரத்த ஓட்டம் கூடியது; கிறுக்கலின்போது சராசரி சற்று உயர்ந்திருந்தாலும், மற்ற இரண்டைவிட மேல் என்று அறுதியிட்டுச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. மூன்று நிமிடத்தில் கை உணரும் மகிழ்ச்சி வெறும் கற்பனை இல்லை என்பது மட்டும் இதனால் தெளிவாகிறது.

சிக்குக் கோலம் காகிதத்துக்கு வரும்போது

தொடங்கத் தயங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது சிக்குக் கோலத்தைத்தான். தாளில் மேலும் கீழுமாக மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு சாய்வாகப் புகுந்து போகவேண்டும்; ஓரத்துக்கு வந்ததும் ஓரப் புள்ளியை வெளிப்பக்கமாக வளைத்துக்கொண்டு மறுபடி உள்ளே திரும்பவேண்டும். எந்தப் புள்ளியையும் தொடாமல், பேனாவை எடுக்காமல் போய்க்கொண்டே இருந்தால், பன்னிரண்டு புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேரும். வரிசைக்கு மூன்று புள்ளியாக மூன்று வரிசை வைத்துப் பாருங்கள். ஒரே கோட்டில் முடியாது, மூன்று தனிக்கோடுகள் வேண்டியிருக்கும். வரிசைகளின் எண்ணிக்கையும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கையும் 1 தவிர வேறு பொது வகுத்தி இல்லாதவையாக அமைந்தால்தான் ஒற்றைக் கோடு முழுவதையும் சுற்றிவரும். நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு ஏழு என்று போட்டுப் பார்த்து இதைக் கண்டுகொள்வது பெரியவர்களையும் பிள்ளைகளாக்கிவிடும். கோலத்தின் இத்தகைய ஒழுங்கை, சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி முதலானோர் 1970-களிலேயே கணிதமாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

விதியோடு போடுவது எப்படிக் கிறுக்கலாகும் என்று கேட்கலாம். கை பழகியபின் விதியை நினைக்கவேண்டியதில்லை. கோடு தானே போகும். ஓரிடத்தில் வளைவைப் பெரிதாக்குங்கள், ஓரிடத்தில் புள்ளியை விட்டுத் தாண்டுங்கள், இடைவெளிகளைக் கருப்பாக நிரப்புங்கள். மனம் அலைபாயும் நாளில் விதியுள்ள சிக்கையும், மனம் களைத்த நாளில் விதியற்ற நெளிகோட்டையும் நான் விரும்புகிறேன்.

இன்னொரு நுட்பம். மணிக்கட்டை வளைப்பதற்குப் பதிலாகத் தாளைத் திருப்புங்கள். பர்மாவின் பழைய நகரான பகானின் அரக்குப் பாத்திரப் பட்டறைகளில் இதைக் கண்ணால் காணலாம்: வேலை செய்பவர் இரும்பு ஊசியை வலக்கையில் ஏறக்குறைய அசையாமல் பிடித்துக்கொண்டு, இடக்கையால் பாத்திரத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்ற, முன்கூட்டி வரையப்படாத கொடியும் இலையும் கரிய மெருகில் மெல்லிய கீறல்களாக எழும். பாத்திரம் சுழல்வதால் வளைவு ஒரே சீராக வரும், விரலும் வலிக்காது. தாளுக்கும் இதே முறைதான்.

கோடு தவறிவிட்டால்

தவறிய கோட்டை அடிக்கவேண்டாம். அடுத்த கோட்டால் அதை ஏதாவதொன்றாக மாற்றுங்கள். 1916-இலும் 1924-இலும் ரங்கூனுக்கு வந்துசென்ற இரவீந்திரநாத் தாகூர், தம் கவிதைக் கையெழுத்துப் படிகளில் அடித்த சொற்களையெல்லாம் கோடுகளால் ஒன்றோடொன்று இணைத்துப் பறவைகளாகவும் விசித்திர உருவங்களாகவும் ஆக்கினார். அறுபது வயதைத் தாண்டியபின் அந்தப் பழக்கம் ஓவியமாகவே வளர்ந்தது. 1930-இல் பாரிஸில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நமக்குக் காட்சி தேவையில்லை. பிசகிய கோட்டைப் பார்த்து முகம் சுளிக்காமல், இதை என்னவாக்கலாம் என்று ஒரு கணம் நின்று யோசிக்கும் பழக்கம் கைக்கு வந்தால், அது மற்ற காரியங்களிலும் மெல்ல ஒட்டிக்கொள்கிறது.

மனம் கலங்கிய வேளையில்

மின்சாரம் முறைவைத்து வரும் இரவுகளில், நாளைக்குச் செய்யவேண்டியவையும் வாங்கவேண்டியவையும் கணக்காகத் தலைக்குள் சுழலும்போது, சார்ஜ் விளக்கின் வெளிச்சத்தில் இதைச் செய்து பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது சிறிய கோடு மேலே போகட்டும். மூச்சை விடும்போது நீண்ட கோடு மெதுவாகக் கீழே இறங்கட்டும். அலையலையாக ஒரு பக்கம் நிறைவதற்குள் மூச்சு நீண்டிருப்பதையும், பேனாவை இறுக்கிய விரல்கள் தளர்ந்திருப்பதையும் நீங்களே கவனிப்பீர்கள். கைமல் குழுவினரின் 2016-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 39 பெரியவர்கள் களிமண், வண்ணப் பேனா, காகிதம் ஆகியவற்றைக் கொண்டு 45 நிமிடம் விருப்பம்போல் கைவேலை செய்தபின், அவர்களில் ஏறத்தாழ 75 சதவீதத்தினருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பு குறைந்திருந்தது. முன்னரே கலைப் பயிற்சி பெற்றவரா இல்லையா என்பதால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. கிறுக்கலை மட்டும் தனியாக அளந்த ஆய்வு அன்று அது. ஆனாலும் அனுபவமில்லாத கைக்கும் அமைதி கிடைக்கும் என்பதற்கு நல்ல சான்று. வாரக்கணக்கில் உறக்கம் வராமலும் எதிலும் பிடிப்பு இல்லாமலும் இருப்பவர்கள் மருத்துவரைப் பார்க்கவேண்டும். தாளும் பேனாவும் அதற்கு ஈடாகா.

போட்ட தாளின் மூலையில் தேதியையும், அப்போது கேட்டுக்கொண்டிருந்தது யாருடைய பேச்சு என்பதையும் குறித்து வைப்பது நல்லது. பிறகு எடுத்துப் பார்க்கும்போது அந்தப் பேச்சின் சில வரிகள் கூடவே நினைவுக்கு வரும். பிறருக்குக் காட்டுவதற்கென்று போடத் தொடங்கினால் கை தயங்கிவிடுமாதலால், முதல் சில வாரங்களுக்கு யாரிடமும் காட்டவேண்டாம்.

பிள்ளைகளின் நோட்டு ஓரம்

கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பில் கதை சொல்லும்போது, நோட்டின் ஓரத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்தால் ஆசிரியருக்குக் கை நீளத்தான் செய்யும். சற்றே பொறுத்து, கதை முடிந்ததும் அந்தப் பிள்ளையையே முதலில் எழுப்பி, கேட்டதைச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறாமல் சொன்னால் அந்த ஓரத்தை அவனிடமே விட்டுவிடலாம். சொல்லத் திணறினால், அவன் போட்டது எதுவென்று பாருங்கள்: பெரும்பாலும் வீரனும் வாளும் குதிரையுமாக அவனே ஒரு தனிக்கதைக்குள் போயிருப்பான். அத்தகைய பிள்ளைக்கு, கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, கதை கேட்கும் நேரத்தில் ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பிவரச் சொல்லுங்கள். வீரனுக்கும் குதிரைக்கும் வகுப்பு முடிந்தபின் தனியாக ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்.