கஷ்டம் வந்தால் சர்ச்சில் யாரிடம், எதை, எப்படிக் கேட்பது?

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் ஆயருக்குக் கைகொடுக்கும் அரை நிமிஷத்தில், "வீட்ல ரொம்பக் கஷ்டமா இருக்கு ஐயா, ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வருவோம். அடுத்த ஞாயிறு வரை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். "இத்தனை வருஷம் சந்தா கட்டி என்ன பிரயோஜனம்" என்று மனசு கசந்துபோகும். மதுரையில் எந்தச் சபையிலும் கேட்கக்கூடிய புலம்பல் இது. ஆயர்மேல் தப்பு இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் கோளாறு கேட்ட விதத்தில்தான். பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது காதில் விழுந்த "கஷ்டம்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அரிசி வாங்கித் தருவதா, ஆஸ்பத்திரிக்கு வருவதா, குடிக்கிற மகனிடம் பேசுவதா? ஜெபம் பண்ணியிருப்பார். நாம் கேட்டதும் அதைத்தான்.

எந்தக் கதவு எதற்கு

கத்தோலிக்கப் பங்கு என்றால் முதலில் உங்கள் தெரு எந்த அன்பியத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். அதன் பொறுப்பாளர் பக்கத்துத் தெருக்காரராகத்தான் இருப்பார். ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் வேண்டுமென்றால் பங்குத்தந்தையைவிட இவருக்கு போன் போடுவதுதான் சரி.

அரிசி, மருந்து, வாடகை என்றால் வின்சென்ட் தே பால் சபை. 1833-ல் பாரிஸில் தொடங்கிய இந்தச் சபைக்குப் பல பங்குகளில் கிளை உண்டு. இரண்டிரண்டு பேராக வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்த்துவிட்டு, தங்கள் கூட்டத்தில் பேசி முடிவெடுப்பார்கள். வீட்டுக்கு வருவதைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொண்டு சிலர் கதவை அடைத்துவிடுகிறார்கள். அது அவர்கள் வேலை செய்யும் முறை. பல இடங்களில் கூட்டம் ஞாயிறு திருப்பலி முடிந்து நடக்கும். சனிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் அந்த வாரமே பேச்சுக்கு வரும். திங்கட்கிழமை சொன்னால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதுதான்.

மரியாயின் சேனை என்ற கத்தோலிக்க ஜெபக் குழுவும் இரண்டு பேராகத்தான் வீடு தேடி வரும். ஆனால் பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. இது தெரியாமல் அவர்களிடம் உதவி கேட்டு, "கையை விரிச்சுட்டாங்க" என்று கோபப்படுவோர் உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மதுரை - இராமநாதபுரம் திருமண்டலத்துச் சபைகளில் பண உதவி என்றால் ஆயரோடு சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவும் உட்கார வேண்டியிருக்கும், அதனால் நாள் பிடிக்கும். உடனடித் தேவைக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தைத் தேடுங்கள். ஆயரம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலமே இரண்டு பேர் தூக்குவாளியோடு வந்து நிற்பதும் உண்டு. தனிச் சபைகளில் பாஸ்டர்தான் எல்லாம். கமிட்டி இல்லாததால் உதவி வேகமாக வரும். அதே காரணத்தால், அவர் மறுத்துவிட்டால் மேலே போய்க் கேட்க இன்னொருவர் இருக்க மாட்டார்.

கேட்கும் நாளும் விதமும்

ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். பல ஆயர்கள் திங்கட்கிழமை ஓய்வெடுப்பார்கள், அதையும் விடுங்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை, கத்தோலிக்கக் கோயிலாக இருந்தால் காலைத் திருப்பலி முடிந்த கையோடு, சபையாக இருந்தால் முன்கூட்டியே போனில் நேரம் கேட்டு, போங்கள். கையில் ரேஷன் கார்டு நகல், ஓ.பி. சீட்டு, பில் அல்லது எஸ்டிமேட் இருக்கட்டும். ஒரு வெள்ளைத் தாளில் விஷயத்தை எழுதிக் கொடுத்துவிடுவது ரொம்ப நல்லது. வாயால் சொன்னது வாசல் தாண்டுவதற்குள் மறந்துபோகும். தாள் மேஜையில் கிடக்கும். இப்படி எழுதலாம்:

"என் கணவருக்குப் பெரியாஸ்பத்திரியில் வருகிற புதன்கிழமை காலில் ஆபரேஷன். காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆபரேஷனுக்குச் செலவில்லை. பத்து நாள் நான் கூட இருக்க வேண்டும், வேலைக்குப் போக முடியாது. சாப்பாடு, ஆட்டோ என்று ஒரு நாளைக்கு 300 ரூபாய் வீதம் 3,000 ரூபாய் தேவைப்படுகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் சாயங்காலம் 4 மணி முதல் 8 மணி வரை தனியாக இருப்பார்கள். யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா? செவ்வாய்க்கிழமை ஃபாதர் வந்து ஜெபித்தால் அவருக்குத் தைரியமாக இருக்கும்."

இதில் மூன்று உதவிகள் இருக்கின்றன, மூன்றும் மூன்று பேருக்குப் போகும். பணம் வின்சென்ட் தே பால் சபைக்கு, பிள்ளைகள் அன்பியத்துக்கு, ஜெபம் ஃபாதருக்கு. எதையும் யாரும் யூகிக்க வேண்டியதில்லை. "உங்களால் முடிஞ்சதைப் பண்ணுங்க" என்று எழுதினால் அடக்கமாகத் தெரியும். ஆனால் படிக்கிறவருக்கு அது ஒரு புதிர்.

தொகை விஷயத்தில் ஒரு நிதானம் வேண்டும். பங்கு, சபை ஏழைகள் நிதி எல்லாம் சின்ன உண்டியல்கள். லட்சக்கணக்கில் வரும் ஆபரேஷன் செலவை அங்கே கேட்டால் ஐநூறு ரூபாயும் சங்கடமும்தான் மிஞ்சும். பெரிய சிகிச்சைக்கு முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் தயார் பண்ண அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்கு விவரம் தெரிந்த ஓர் ஆளை அனுப்பச் சொல்லி சபையில் கேளுங்கள். ரிட்டயர்டு தாசில்தாரோ, நர்ஸோ, ஹெட்மாஸ்டரோ இல்லாத சபை மதுரையில் அபூர்வம். அவர்களுடைய அரை நாள், உண்டியல் பணத்தைவிடப் பெரிய உதவி.

பள்ளிக் கட்டணச் சலுகைக்கு ஹெட்மாஸ்டரிடம் நின்று பிரயோஜனம் இல்லை, தாளாளரிடம் போக வேண்டும். பங்குப் பள்ளி என்றால் பல இடங்களில் பங்குத்தந்தையே தாளாளர். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்பதால், இங்கே சலுகை என்பது அவருடைய மனசும் பட்ஜெட்டும்தான். ஜூன் மாதம் எல்லாரும் வரிசையில் நிற்பதற்கு முன், ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள்.

நோயில்பூசுதலுக்குப் பயப்பட வேண்டாம்

நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிக்கும் கத்தோலிக்கச் சடங்கு இது. முன்பு இதற்கு அவஸ்தைப்பூசுதல் என்று பேர். அந்தப் பேரே கெடுத்தது. சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு படியேறினால் ஆள் முடிந்தார் என்று அக்கம்பக்கம் பேசும். அதனால் நினைவு தப்பிய பிறகு கூப்பிடுகிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பெரிய ஆபரேஷனுக்கு முன், நோய் முற்றும்போது, வயது தளர்ந்துவிட்டால், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். மறுபடி நோய் வந்தால் மறுபடியும் வாங்கலாம். நோயாளி பேசத் தெம்போடு இருக்கும்போதே கூப்பிடுங்கள், ஒப்புரவும் (பாவசங்கீர்த்தனம்) செய்து நற்கருணையும் வாங்க முடியும். ஏற்பாடு என்று பெரிதாக எதுவும் இல்லை. கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் வெள்ளைத்துணி, சிலுவை, மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர். ஐ.சி.யூ. என்றால் மெழுகுவர்த்தி கூடாது, ஆக்சிஜன் இருக்கிறது. பார்வையாளர் நேரத்தை நர்ஸிடம் கேட்டு ஃபாதருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சி.எஸ்.ஐ.யில் இதேபோல் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுக்க ஆயரைக் கேட்கலாம்.

ஜெபிக்கவே முடியவில்லை என்றால், அது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். சங்கீதம் 13-ஐயும் 88-ஐயும் எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். 13 கடைசியில் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வரும். 88 முடியும்போதும் இருட்டிலேயே நிற்கும், அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். சத்தமாக வாசிக்கவும் தெம்பில்லையென்றால், திறந்திருக்கும் ஏதாவது ஒரு கோயிலில் மத்தியான நேரத்தில் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம். கிழக்கு வெளி வீதியில் அவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் தூய மரியன்னை பேராலயத்துக்குள் நுழைந்தால் காது ஆறிப்போகும். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் கூட்டத்தில் யார் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை.

எதைச் சொல்லக் கூடாது

ஜெப விண்ணப்பம் என்பது இன்று சபையின் வாட்ஸ்அப் குழு. மகள் புருஷன் வீட்டைவிட்டு வந்துவிட்டாள் என்று காலையில் எழுதிக் கொடுத்தால், மத்தியானத்துக்குள் திருமங்கலத்துச் சம்பந்தி வரை போய்ச் சேரும். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. ஜெபிக்கத்தான் அனுப்பியிருப்பார்கள். அதனால் சீட்டில் "ஒரு குடும்பத்தில் சமாதானத்துக்காக" என்று மட்டும் எழுதி, "பெயர் வாசிக்க வேண்டாம், குரூப்பில் போட வேண்டாம்" என்று கீழே கோடு போட்டு எழுதுங்கள். முழு விஷயத்தை ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது. ஆபீஸ் அறையில் நாற்காலி போட்டுப் பேசியதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. "இது நமக்குள்ள இருக்கட்டும் ஃபாதர்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

புருஷன் அடிக்கிறான் என்றால், "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு, மாறிடுவார்" என்ற பதில் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதோடு நின்றுவிடாதீர்கள். பங்கில் இருக்கும் அருட்சகோதரிகளிடம் போங்கள், அவர்களுக்கு இந்த மாதிரி விஷயங்களில் பழக்கம் உண்டு. கூடவே பெண்கள் உதவி எண் 181-க்கு போன் போடுங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்பு கேட்பதற்கு எந்த ஆயருடைய அனுமதியும் தேவையில்லை.

சாக வேண்டும் போலிருக்கிறது என்ற நினைப்பு வந்தால் ஜெபமும் வேண்டும், டாக்டரும் வேண்டும். மனநல உதவி எண் 14416, இல்லையென்றால் மருத்துவ உதவி எண் 104, இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். சுகமாகிவிட்டது, மாத்திரையை நிறுத்து என்று எந்த மேடையில் யார் சொன்னாலும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் நோய் மருந்துக்கு மசியாததாக மாறலாம். மனநல மருந்தைத் திடீரென்று விட்டால் பழைய நிலை திரும்பி வரலாம். ஜெப வீட்டில் கட்டிப்போடுவது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி குற்றம். தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பத்துக்கு ஒன்று: கோயில் அடக்கம் கிடைக்காது என்பது பழைய பேச்சு. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அப்படியொரு தடை இல்லை. தயங்காமல் பங்குத்தந்தையிடம் போங்கள். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் எப்போது கைக்கு வரும் என்று தெரிந்துகொண்டு அடக்க நேரத்தைப் பேசுங்கள்.

உதவி வேண்டுமானால் ஞானஸ்நானம் எடு, நகையைக் காணிக்கையாகப் போடு என்று நிபந்தனை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டியல் இனத்தவருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணைப்படி கிறிஸ்தவரானவருக்கு எஸ்.சி. சலுகை கிடையாது. மனசார விரும்பி மாறுவது வேறு. கஷ்ட நேரத்து அவசரத்தில் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழைத் தொடுகிற முடிவை எடுக்க வேண்டாம்.

கடைசியாக, ஃபாதர்களுக்கும் ஆயர்களுக்கும் மாறுதல் பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில் வரும். உங்கள் விஷயம் பாதியில் இருக்கும்போது அவர் பெட்டி கட்டினால், புதியவருக்கு ஒன்றுமே தெரியாது. கொடுத்த தாளுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள் என்று பின்பக்கம் குறித்து வையுங்கள். பழையவர் கிளம்புவதற்கு முன் புதியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கமிட்டியில் ஒருவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். அவர் அடுத்த ஜூனிலும் இங்கேயேதான் இருப்பார்.