டர்போ மேல் பழி, குற்றம் வேறிடத்தில்

பழைய காண்டெஸா காரின் 2 லிட்டர் இசுசு டர்போ டீசல் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்த பிறகு, ஐடிலில் (வண்டி நின்றபடி) பத்து நிமிடம் ஓடினால் சைலன்சரில் நீலப்புகை, அதாவது எங்கோ ஆயில் எரிகிறது. ஓட்டும்போது இல்லை.

முதலில் வால்வு சீல்களை மாற்றினேன். பயனில்லை. அப்புறம் டர்போவையே (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் பாகம்) இரண்டாவது முறை பிரித்து, ஷாஃப்ட் ஆட்டம் பார்த்து, புது ரிங் போட்டேன். அதே புகை. ஒன்பது நாள் போயிற்று.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது: வாசல் சரிவில் மூக்கு கீழாக நிறுத்தினால் புகை குறைந்தது. டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகிறது. திரும்புவதோ வெறும் ஈர்ப்பில், சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) வழிந்துதான். அதன் ரிங்குகள் ரப்பர் சீல் போல ஆயிலைத் தேக்கி நிறுத்தாது. திரும்பும் வழி அடைபட்டால், டர்போவின் காற்று, எக்ஸாஸ்ட் பக்கங்களில் அழுத்தம் குறைவாக இருக்கும் ஐடிலில் ஆயில் அங்கே கசியும்.

ரிட்டர்ன் குழாயைக் கழற்றினேன். கேஸ்கட்டில் நானே தாராளமாகத் தடவிய சிலிக்கான் பசை, உள்பக்கம் பிதுங்கி முக்கால் துளையை மூடியிருந்தது. போதாக்குறைக்கு அந்தக் குழாயின் ஹோஸும் நடுவில் தொய்ந்திருந்தது.

சுரண்டிச் சுத்தம் செய்து, சிலிக்கான் இல்லாமல் வெறும் கேஸ்கட் போட்டு, ஹோஸை இரண்டு அங்குலம் வெட்டினேன். எக்ஸாஸ்டில் தேங்கிய ஆயில் எரிந்து தீர அரை மணி நேரம் பிடித்தது. பதறி மறுபடி பிரித்துவிடாதீர்கள். இப்போது புகை இல்லை. அப்பாடா!