பழைய நைலான் 66 ரைஃபிளைச் சுத்தம் செய்வது எப்படி?

அமெரிக்க வீடுகளின் அலமாரிகளில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும் .22 ரைஃபிள்களில் (.22 அங்குலச் சிறு தோட்டா போடும் துப்பாக்கிகளில்) ரெமிங்டன் நைலான் 66-ம் ஒன்று. 1959-இல் வந்தது. மரத்துக்குப் பதில் டூபான்ட் நிறுவனத்தின் ‘சைடெல்’ நைலானில் கட்டை (தோளில் அணைத்துப் பிடிக்கும் உடல்பகுதி). பத்து லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். அந்த வருடமே டாம் ஃப்ரை என்பவர், மேலே எறிந்த 1,00,010 மரத்துண்டுகளை இதை வைத்துச் சுட்டார். தவறியது ஆறே ஆறு. (இந்தியாவின் ஆயுதச் சட்டமும் 1959-தான். அங்கே உரிமம் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.)

பக்கத்து வீட்டுப் பெரியவரின் ரைஃபிளைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வாங்கி வந்து, ஆர்வக்கோளாறில் உள்ளே எண்ணெயைப் பீய்ச்சி அடித்தேன். வெடிமருந்துக் கரியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகி, நாலாவது தோட்டாவிலேயே சிக்கிக்கொண்டது. போல்ட் (தோட்டாவைத் தள்ளி அறையை மூடும், முன்னும் பின்னும் ஓடும் துண்டு) நைலான் மேலேயே வழுக்கி ஓடுகிற மாதிரி செய்த துப்பாக்கி இது. உள்ளே எண்ணெய் தேவையில்லை என்பதுதான் இதன் விசேஷமே!

முதல் வேலை, காலி செய்வது. குழலை ஆளில்லாத பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கட்டையின் பின்பக்கத்திலிருந்து மேகசின் குழாயை உருவுங்கள். 14 தோட்டா பிடிக்கும் குழாய் அது; ஒன்றிரண்டு வழியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். போல்டை நாலைந்து முறை இழுத்துவிட்டு, டார்ச் அடித்து, தோட்டா உட்காரும் அறைக்குள் பாருங்கள். அப்புறம் விரலை விட்டும் தடவிப் பாருங்கள்.

அடுத்து, போல்ட் கைப்பிடியை நேராக வெளியே இழுத்தால் கழன்று வரும். முரண்டு பிடித்தால் தோல் துண்டு சுற்றி இடுக்கியால் இழுக்கலாம். பக்கவாட்டில் இரண்டு திருகுகள் இருக்கும். பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், இல்லாவிட்டால் தலை சிதைந்துவிடும். இரும்புத் தகட்டு மூடியை மெதுவாகத் தூக்குங்கள். தூக்கியதும் போட்டோ எடுங்கள். எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று ராத்திரி பதினோரு மணிக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மூடி இல்லாதபோது ட்ரிகரை அழுத்தாதீர்கள். ட்ரிகர் பகுதியைப் பிரிக்கவும் வேண்டாம், அது துப்பாக்கி மெக்கானிக் வேலை.

கரியை பழைய டூத் பிரஷாலும் உலர்ந்த துணியாலும் எடுங்கள். பேரலை, அதாவது குழலை, பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தினால் பேரல் முன்பக்கமாக உருவி வரும். பின்பக்கத்திலிருந்தே தடியை விட்டுச் சுத்தம் செய்யலாம், பேரலின் வாய் தேயாது. சோப்புத் தண்ணீர் தொட்ட பிரஷ், கட்டையின் செதுக்கல் கோடுகளுக்குப் போதும்.

துரு பெரும்பாலும் அந்த மூடித் தகட்டில்தான். தூக்கிச் செல்லும்போது கை பிடிக்கும் இடம், வியர்வை படுகிறது. மூடியைத் தனியே வைத்து, 0000 நம்பர் ஸ்டீல் வுல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு லேசாகத் தேயுங்கள். அழுத்தினால் நீலப் பூச்சும் போய்விடும். அமிலம் கலந்த துரு நீக்கி நைலானில் படவே கூடாது. கட்டை விரிசல் விட்டிருந்தால் வருத்தம்தான்: சாதாரணப் பசை எதுவும் நைலானில் சரியாகப் பிடிக்காது.

.22 தோட்டாவின் கரியில் ஈயம் உண்டு. சமையலறை மேஜையில் இதைச் செய்யாதீர்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

திரும்பப் பூட்டியபின் வெற்று அறையில் ட்ரிகரைத் தட்டித் தட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி அறையின் விளிம்பில் மோதும். சுடுதளத்தில் முதலில் இரண்டே தோட்டா போடுங்கள். இரண்டும் ஒழுங்காக வெளியேறினால், குழாயை நிரப்பலாம்.