நம்மூரு ஜட்ஜ் ஒருத்தர பத்தி எழுதணும்னா எங்கருந்து ஆரம்பிக்கணும்

பாளையங்கோட்டை லா காலேஜ் பிள்ளைங்க, கட்டுரைப்போட்டிக்கு எழுதுத ஸ்கூல் பிள்ளைங்க நெறைய பேரு, ஒரு பெரிய ஜட்ஜ பத்தி எழுதச் சொன்னா பொறந்த தேதி, படிப்பு, பதவின்னு வரிசையா அடுக்கிட்டு "நேர்மையானவர்"னு முடிச்சிடுதாங்க. அத படிச்சா அந்த மனுசன் கோர்ட்ல என்ன செஞ்சாருன்னே தெரிய மாட்டேங்கு. தீர்ப்புலதான் அவரு இருக்காரு, அங்கருந்து ஆரம்பிங்க.

மொதல்ல ஒரே ஒருத்தர எடுங்க. நான் சொல்லுதது எஸ்.ரத்தினவேல் பாண்டியன். அம்பாசமுத்திரம் பக்கம் திருப்புடைமருதூர்ல 1929ல பொறந்தவரு, 1974ல சென்னை ஹைகோர்ட் ஜட்ஜ், 1988ல சுப்ரீம் கோர்ட், 1994ல ரிட்டயர்டு. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

அடுத்து ஒரே ஒரு தீர்ப்ப முழுசா படிங்க. ஹரியானா அரசு எதிர் பஜன்லால், அந்த ஊரு முன்னாள் முதலமைச்சர் மேல வந்த சொத்துக்குவிப்பு புகார் கேஸ். இ-எஸ்சிஆர், இந்தியன் கானூன்னு ரெண்டு வெப்சைட்லயும் காசில்லாம கெடைக்கும். புக்ல "1992 சப்ளிமெண்ட் 1 எஸ்சிசி 335"னு, அதாவது தீர்ப்புத் தொகுப்புல எந்த வருசம் எந்தப் பக்கம்னு போட்டிருக்கும், ஆனா தீர்ப்பு சொன்னது 1990 நவம்பர் 21, ரிப்போர்ட் ஆன வருசத்த தீர்ப்பு வருசம்னு எழுதிராதீங்க. எல்லாரும் நேரா பாரா 102க்கு போயிருவாங்க, ஒரு எஃப்ஐஆர எப்பல்லாம் ஹைகோர்ட் ரத்து பண்ணலாம்னு ஏழு வகையா அதுலதான் சொல்லிருக்காரு. நீங்க அப்படி போவாதீங்க, மொத பாராலருந்து வாங்க, அப்பதான் தெரியும், ஹைகோர்ட் ஏற்கனவே ரத்து பண்ணுன அந்த எஃப்ஐஆர இவரு திரும்ப உயிர்ப்பிச்சிருக்காரு, அதே நேரம் விசாரிச்ச இன்ஸ்பெக்டருக்கு சட்டப்படி அதிகாரம் இல்லன்னு அவரு செஞ்ச விசாரணைய மட்டும் ரத்து பண்ணிருக்காரு. எஃப்ஐஆர ரத்து பண்ணச் சொல்லி எல்லாரும் காட்டுத தீர்ப்புல எஃப்ஐஆர் ரத்தாகவே இல்ல! போலீஸையும் விடல, புகாரையும் சாகவிடல, அவரு எப்படிப்பட்ட ஜட்ஜ்னு எனக்கு இதுல தெரிஞ்ச அளவுக்கு எந்த இரங்கல் குறிப்புலயும் தெரியல.

அப்புறம் அந்த தீர்ப்பு இன்னைக்கு எங்க இருக்குன்னு தேடுங்க. ஹைகோர்ட் மதுரை பெஞ்ச்ல எஃப்ஐஆர ரத்து பண்ணக் கேட்டு முந்தி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482வது பிரிவுல போட்ட மனு, 2024 ஜூலைலருந்து பிஎன்எஸ்எஸ்ங்குத புது சட்டத்துல 528வது பிரிவு, இந்த மனுக்கள்ல வந்த உத்தரவுகள ஒரு பத்து எடுத்துப் பாருங்க, பஜன்லால் பேரு எத்தன எடத்துல வருதுன்னு தெரியும். நம்மூரு கோர்ட்ல கிரிமினல் கேஸ் நடத்துத வக்கீல் அண்ணாச்சி யாருகிட்ட கேட்டாலும் சொல்லுவாங்க.

நெறைய ஜட்ஜ் சேந்து உக்காந்த கேஸ்ல இவரு தனியா எழுதுனது எதுன்னு பிரிச்சுப் பாக்கணும். பிற்படுத்தப்பட்டவங்க இடஒதுக்கீடு பத்துன 1992 மண்டல் தீர்ப்பு ஒம்பது பேரு. 27 சதவீத ஒதுக்கீட்ட ரத்தினவேல் பாண்டியன் ஆதரிச்சாரு, ஆனா அதுல வசதியானவங்கள விலக்குத கிரீமி லேயர மட்டும் ஏத்துக்கிடல.

எந்த ஜட்ஜ பத்தி எழுதுனாலும், கூட இருந்த ஜட்ஜுங்களோட ஒத்துப்போகாம அவரு எழுதுன மாறுபட்ட தீர்ப்ப ஒருநாளும் தாண்டிப் போவாதீங்க. 1911ல மணியாச்சில கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட வழக்க சென்னை ஹைகோர்ட்ல மூணு ஜட்ஜ் விசாரிச்சாங்க, அதுல சங்கரன் நாயர் மட்டும் மாறுபட்டு எழுதுனாரு. ஜாலியன்வாலா பாக் கொடுமைக்கப்புறம் 1919ல வைஸ்ராய் கவுன்சில் பதவிய தூக்கிப் போட்டவரும் அவருதான். ரெண்டையும் சேத்துப் படிங்க.

எழுதும்போது மொத வரில கேஸ்ல மாட்டுன ஆள கொண்டாங்க, ஜட்ஜ் அதுக்கப்புறம் வரட்டும். பதவியேத்த தேதிய மட்டும் கோர்ட் வெப்சைட்ல முன்னாள் நீதிபதிகள் பட்டியலோட ஒருதடவ ஒத்துப் பாத்துட்டு குடுங்க.