பல படங்களுக்கு ஒரே வண்ணத் தட்டு
பல படங்களுக்கு ஒரே வண்ணத் தட்டு (படத்தில் பயன்படும் நிறங்களின் பட்டியல்) வேண்டுமானால், அவற்றைத் தனித்தனியாக 256 நிறங்களுக்குக் குறைக்காதீர்கள். பைத்தான் நிரல்மொழியில், படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தை வைத்து எல்லாவற்றையும் ஒரே பெரிய படமாக ஒட்டி, அதை முதலில் குவான்டைஸ் செய்யுங்கள், அதாவது நிறங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். அப்படிக் கிடைக்கும், தட்டைக் கொண்ட படத்தையே ‘பேலட்’ மதிப்பாகக் கொடுத்து ஒவ்வொரு படத்தையும் குவான்டைஸ் செய்தால், அனிமேஷனில் பிரேமுக்குப் பிரேம் நிறம் துள்ளாது.

நிறங்களைத் தேர்வதில் பிக்சல் எண்ணிக்கைக்கே மவுசு. அதனால் ஒட்டும்முன் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சுருக்குங்கள், அருகிலுள்ள பிக்சலின் நிறத்தையே எடுக்கும் ‘நியரஸ்ட்’ முறையில்; மற்ற முறைகள் இல்லாத நிறங்களைக் கலந்து உண்டாக்கும். சின்ன ஐகானின் சிவப்பு காணாமல் போனால், அந்த ஐகானை நாலைந்து முறை சேர்த்து ஒட்டுங்கள். டித்தரிங், அதாவது இருக்கும் நிறங்களைப் புள்ளிகளாகக் கலந்து இல்லாத நிறம்போல் காட்டுவது, இயல்பாகவே இயங்கும். ஐகான்களில் புள்ளி தூவும், அணைத்துவிடுங்கள்.

ஒளி ஊடுருவும் ஆல்ஃபா படங்களை, தட்டு கொடுத்த குவான்டைஸ் ஏற்காது, பிழை காட்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத புகைப்படங்களுக்கும் இந்த ஒரே தட்டு முறை வேண்டாம். வானமெல்லாம் பட்டை பட்டையாகிவிடும்.