முடிவை மறைக்காதீர்கள்: சஸ்பென்ஸ் நாவலை ஏஜென்டுக்கு அனுப்பும்போது நடக்கும் தவறுகள்

திருகோணமலையில் நாவல் எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை. எழுதியதை வெளிநாட்டு இலக்கிய முகவருக்கு, அதாவது ஏஜென்டுக்கு, அனுப்பிப் பார்க்கலாம் என்ற எண்ணம்தான் புதிது. தமிழ்ப் பதிப்புலகில் அப்படி ஒரு ஆள் அநேகமாக இல்லை. எழுத்தாளர் நேரே பதிப்பகத்துக்குப் போவார், இல்லாவிட்டால் சொந்தக் காசில் அச்சடித்து வெளியீட்டு விழா வைப்பார். லண்டனிலும் நியூயோர்க்கிலும் பெரிய பதிப்பகங்கள் பல, ஏஜென்ட் வழியாக வராத பிரதியைத் திறந்தே பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும், தமிழ் நாவலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைத்திருப்பவர்களும் அந்த வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அங்கே சஸ்பென்ஸ் எழுத்தாளர்கள் பெரும்பாலும் சறுக்குவது கதைச்சுருக்கத்தில்.

அனுப்ப வேண்டியவை பொதுவாக மூன்று: ஒரு பக்கக் கடிதம், ஓரிரு பக்கக் கதைச்சுருக்கம், நாவலின் தொடக்க அத்தியாயங்கள். கடிதம் ஆசை காட்டலாம். அத்தியாயங்கள் பதற வைக்கலாம். கதைச்சுருக்கம் எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும். குற்றவாளி யார், ஏன் செய்தார், எப்படி அகப்பட்டார், கடைசியில் யார் மிஞ்சினார் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நம்மவர்களோ “அதன் பின் நடந்தது என்ன?” என்று கேட்டு மூன்று புள்ளி வைத்துவிடுகிறார்கள். பின்னட்டைக்குச் சரியான வரி. ஏஜென்ட் பின்னட்டை வாசித்துப் புத்தகம் வாங்க வந்தவர் அல்ல. முந்நூறு பக்கம் இழுத்த முடிச்சு நியாயமாக அவிழ்கிறதா என்று பார்த்துத்தான் முழுப் பிரதியைக் கேட்பதா இல்லையா என்று முடிவெடுப்பார்.

ஓர் உதாரணக் கதை கட்டிப் பார்ப்போம். நிலாவெளியில் ஒரு மீன்வாடியின் கணக்கப்பிள்ளை வெள்ளிக்கிழமை மாலை காணாமல் போகிறார். அவருடைய செருப்பு கோணேசர் கோயில் மலையில், இராவணன் வெட்டுப் பக்கம் கிடக்கிறது. கடலில் குதித்துவிட்டார் என்று பொலிஸ் கோவையை மூடுகிறது. கிண்ணியாவில் படிப்பிக்கும் தங்கச்சிக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மறைத்து எழுதுகிறவரின் சுருக்கம் இப்படிப் போகும்: “தங்கை தோண்டத் தோண்டத் திடுக்கிடும் உண்மைகள் வெளிவருகின்றன. அவள் நம்பியவர்கள் யார், நம்பக்கூடாதவர்கள் யார்?” இதை எந்த நாவலின் தலையிலும் ஒட்டலாம். உடைத்து எழுதினால்: “வாடியின் இரண்டாவது கணக்குக் கொப்பி தங்கையிடம் கிடைக்கிறது. தன்னைப் படிக்கவைத்த சம்மாட்டியே, அதாவது வாடி முதலாளியே, படகுகளில் தங்கம் கடத்துகிறார் என்று அவள் அறிகிறாள். அண்ணன் சாகவில்லை. சம்மாட்டியின் ஆட்களுக்குப் பயந்து, செருப்பைத் தானே அங்கு வைத்துவிட்டு மூதூரில் ஒளிந்திருக்கிறார். அவரைத் தேடித் தங்கை எடுக்கும் ஒவ்வோர் அடியும் சம்மாட்டிக்கு வழி காட்டுகிறது.” கடைசி வசனத்தில்தான் நாவலின் பதற்றமே இருக்கிறது: அவள் தேடாவிட்டால் அண்ணன் தப்பியிருப்பார். இதை ஒளித்துவைத்தால் ஏஜென்டின் கையில் இன்னொரு காணாமல்போன கதைதான் மிஞ்சும்.

அந்தச் செருப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர் உடனே கேட்பார், கோயில் மலையில் செருப்புக் கிடந்தால் அதில் என்ன அதிசயம், எல்லாரும் கழற்றிவிட்டுத்தானே போகிறார்கள் என்று. நியாயமான கேள்வி. அப்படியானால் அந்தச் செருப்பு நடை சாத்திய பிறகும் கிடக்க வேண்டும். மற்றச் செருப்புகளோடு சேராமல் மதிலோரம் சோடியாக, நேராக வைக்கப்பட்டிருக்க வேண்டும். சாகப் போகிறவர் இவ்வளவு ஒழுங்காக வைப்பாரா என்று தங்கைக்குத் தோன்றினால் அது தடயம். தடயம் எங்கே தலைகாட்டுகிறது, எங்கே பயன்படுகிறது என்று சுருக்கத்தில் ஒரு வரி போதும். கடைசி அத்தியாயத்தில் எங்கிருந்தோ ஒரு மாமா வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுதான் உங்கள் முடிவு என்றால், சுருக்கம் எழுதும்போதே அது பல்லிளிக்கும். அனுப்ப முன் தெரிந்தது நல்லதுதான்.

நாவல் தன்மையில் எழுதப்பட்டிருந்தாலும் ஆங்கிலக் கதைச்சுருக்கத்தைப் படர்க்கையில், நிகழ்காலத்தில் எழுதுவதே வழக்கம். நாலைந்து பெயருக்கு மேல் போட்டால் வாசிப்பவருக்கு ஆள் மாறிவிடும். மற்றவர்களை “சம்மாட்டியின் மனைவி”, “பொலிஸ் அதிகாரி” என்று விட்டுவிடலாம்.

அடுத்தது தொடக்கப் பக்கங்கள். இங்கே ஊர்ப்பற்று நம்மைக் கெடுக்கிறது. சம்பந்தர் பாடிய தலம், இயற்கைத் துறைமுகம், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது என்று சுற்றிக்காட்டி முடிக்கவே பத்துப் பக்கம் போய்விடும். சில ஏஜென்டுகள் கேட்பதே அந்தப் பத்துப் பக்கம்தான். இன்னும் சிலர் மூன்று அத்தியாயம், அல்லது ஐம்பது பக்கம் கேட்பார்கள். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றனவே, அவற்றைப் பற்றிச் சொல்ல ஆசையாக இருந்தால் யாரையாவது இரவில் அதற்குள் ஓட விடுங்கள். வரலாறு தானாகப் பின்னால் வரும். “நல்ல இடம் நாலாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது, அதை அனுப்புகிறேன்” என்று சிலர் நடுவிலிருந்து வெட்டி அனுப்புவதுண்டு. தொடக்கத்தைக் கேட்டால் தொடக்கத்தைத்தான் அனுப்ப வேண்டும். நாலாம் அத்தியாயம்தான் நல்லதென்றால் நாவலை அங்கிருந்தே தொடங்கலாமே.

பாதி எழுதிவிட்டு அனுப்புவது இன்னொரு பெரிய தவறு. திட்டமும் மாதிரி அத்தியாயங்களும் மட்டும் அனுப்புவது கட்டுரை நூல்களுக்கான முறை. முதல் நாவலுக்கு அது செல்லாது. முழுப் பிரதியும் திருத்தி முடித்திருக்க வேண்டும். நீளத்தையும் கவனியுங்கள். ஆங்கில சஸ்பென்ஸ் நாவல் பெரும்பாலும் 70,000 முதல் 90,000 சொற்கள். மொழிபெயர்ப்பு என்றால் தமிழ்ப் பிரதியின் கணக்கைக் கொடுக்காதீர்கள், ஆங்கிலத்தில் எண்ணிக்கை நன்றாகவே கூடும். மாதிரிப் பக்கங்களைக் கணினி மொழிபெயர்ப்பில் ஓட்டி அனுப்புவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. தமிழ் மூலத்தையும் கேட்டால் பாமினியில் தட்டிய கோப்பை அப்படியே அனுப்பிவிட வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் “அம்மா” கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் திறக்கும். யூனிகோட்டுக்கு மாற்றி, ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கடிதம் அரசாங்கக் கச்சேரிக்கு எழுதும் விண்ணப்பம் போல இருக்கக்கூடாது. “ஐயா அல்லது அம்மணி” வேண்டாம், அந்த ஏஜென்டின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் போடுங்கள். அவர் சஸ்பென்ஸ் எடுப்பவரா என்று அவருடைய நிறுவனத்தின் பக்கத்தில் பாருங்கள்; சமையல் நூலும் சிறுவர் நூலும் மட்டும் எடுப்பவருக்குக் கொலைக்கதை அனுப்பிப் பயனில்லை. உங்கள் நாவல் எந்த வரிசையில் நிற்கும் என்று காட்ட, கடந்த சில ஆண்டுகளில் வந்த ஓரிரு நாவல்களைச் சொல்லலாம். உலகமே வாசித்த பெயரைச் சொன்னால் வீறாப்பாகத்தான் தெரியும். போர்த்திய பொன்னாடைகளின் பட்டியலும் வேண்டாம். மைக்கல் ஒண்டாச்சி தொடங்கிய கிரேஷன் பரிசுக்கு இலங்கையில் வாழ்பவர்கள் அச்சேறாத ஆங்கிலப் பிரதியையும் அனுப்பலாம். அதன் குறும்பட்டியலில் வந்திருந்தால் அது ஒரு வரிக்குத் தகும்.

காசு விஷயத்தில் நாம் சுலபமாக ஏமாறுவோம், ஏனென்றால் புத்தகம் போட எழுத்தாளர்தான் காசு கொடுக்க வேண்டும் என்று பழகியிருக்கிறோம். நேர்மையான ஏஜென்ட் வாசிப்புக் கட்டணம் கேட்கமாட்டார். புத்தகம் விற்றால் எழுத்தாளருக்கு வருவதில் வழக்கமாக நூற்றுக்கு 15, வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20 எடுப்பார். ஆயிரம் பவுண் வந்தால் 150 அவருக்கு. வராவிட்டால் அவருக்கும் ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் வந்து நாவலைப் புகழ்ந்து, பதிவுக் கட்டணம் என்று டொலர் கேட்கிறவருக்குப் பதில் எழுதவே வேண்டாம்.

ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவது தவறில்லை. எல்லா முகவரியும் தெரியும்படி ஒரே மின்னஞ்சலில் அனுப்புவது தவறு. ஒரே நிறுவனத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு அனுப்புவதும் பெரும்பாலும் ஆகாது. இணைப்பைத் திறக்காதவர்களும் உண்டு; அவர்களுக்கு மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்ட வேண்டும். பதிலுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பதிலே வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம் என்று பல நிறுவனங்கள் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கின்றன.

யாராவது ஒருவர் ஏற்க முன்வந்தால் உடனே கையெழுத்து வைக்காமல், பிரதியை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அறிவித்து இரண்டு வாரம் போலக் கொடுப்பது அங்குள்ள நடைமுறை. அந்த இடைவெளியில் ஒப்பந்தத்தை நிதானமாக வாசியுங்கள். மொழிபெயர்ப்பாளருடைய பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். நாவல் முகநூலில் தொடராக வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். தமிழ் உரிமை ஏற்கனவே கொழும்பிலோ சென்னையிலோ ஒரு பதிப்பகத்திடம் இருந்தால், அதை ஒப்பந்தத்திலிருந்து விலக்கி எழுதும்படி கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.